மின்னொளி ஆட்டத்தில் விலகிய முழங்கால்: ஒரு கபடி வீரரின் நிகழ்வு ஆய்வு

வயது 19. ஆண். உயரம் 171 செ.மீ., எடை 66 கிலோ. செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்து அணியின் முதன்மை ரைடர் (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்). கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். கபடியை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் துறைக்கோ ரயில்வேக்கோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது வீட்டின் கணக்கு. வலது முழங்கால் மூட்டு விலகி, அதன் பின்னால் ஓடும் தமனி அடைபட்டு, முழங்காலுக்குக் கீழே காலை நீக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை ஆண்டு கழித்து இப்போது ஈட்டி எறிகிறார்.

அடையாளம் தெரியக் கூடாது என்பதால், ஒரே வகைக் காயம்பட்ட சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒரே வீரராக எழுதியிருக்கிறோம். ஊர், அணி, மருத்துவமனை எதையும் பெயர் சொல்லவில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் ஊராக மின்னொளிக் கபடி நடக்கிறது. அங்கே கோட்டருகே நிற்கும் பயிற்சியாளர், அண்ணன் தம்பிகள், பெற்றோர் கையில் இந்த விவரம் இருந்தாக வேண்டும். இரண்டு கட்டங்களை அழுத்திச் சொல்வோம்: காயம்பட்ட இரவின் சில மணி நேரம், கால் நீக்கிய பின் வரும் 6 வாரம். இந்தக் காயம் பட்ட வீரர் பிறகு எப்படி வாழ்வார் என்பது பெரும்பாலும் இந்த இரண்டிலேயே முடிவாகிவிடுகிறது.

காயம்

இரவு 11 மணிக்கு மேல். மண் தளம். தண்ணீர் தெளித்து இறுக்கியிருந்தாலும் போனஸ் கோட்டருகே இளகிக் கிடந்தது. போனஸ் எடுக்க வலது காலைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி இடது காலைத் தூக்கினார். உடல் எடை முழுவதும் வலது காலில் இருந்த நேரத்தில் கார்னர் வீரர் அந்தக் கணுக்காலைப் பிடித்துவிட்டார். கவரில் நின்றவர் முன்னாலிருந்து வந்து மோதினார். பாதம் மண்ணில் மாட்டிக்கொள்ள, முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. சத்தம் கேட்டதாகவும், கால் "ஏறுமாறாகத் திரும்பி, பிறகு தானாவே சரியாயிடுச்சு" என்றும் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

இந்த "தானாவே சரியாயிடுச்சு"தான் ஆபத்து. முழங்கால் முழுதாக விலகி, கூட்டம் சுற்றி நிற்கும்போதே மறுபடி உள்ளே போய்விடுவது உண்டு. அப்புறம் பார்த்தால் வெறும் சுளுக்கு போலத் தெரியும். வீக்கமும் ஏமாற்றும். ஏ.சி.எல். (மூட்டுக்குள் இருக்கும் முன் குறுக்கு நாண்) மட்டும் அறுந்தால் மூட்டு உறைக்குள் ரத்தம் தேங்கி முழங்கால் பந்தாக வீங்கும். மூட்டே விலகும்போது உறையும் கிழிந்துபோவதால் ரத்தம் சதைக்குள் பரவிவிடும். மூட்டு அதிகம் வீங்காது. "வீக்கமே இல்லையே, ஒண்ணும் இருக்காது" என்று பலரும் நினைப்பது இங்கேதான்.

மூட்டின் பின்குழியில் ஓடும் தமனி, மேலே தொடைத் தசைநாரின் துவாரத்திலும் கீழே கெண்டைச் சதையின் வளைவிலும் இறுகப் பிடிபட்டிருக்கிறது. நடுவில் எலும்பு இடம் பெயர்ந்தால் விலகிக் கொடுக்க அதற்கு வழியில்லை. முழுதாக அறுந்தால் உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் உட்படலம் மட்டும் கிழிகிறது. முதலில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கிழிந்த இடத்தில் மெல்ல உறைந்து சில மணி நேரத்தில் குழாய் அடைபடும். அதனால் இரவு 12 மணிக்குப் பாதத்தில் துடிப்பு இருந்தது என்பதை வைத்து விடிகாலை 4 மணிக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது.

அந்த இரவு

களத்திலிருந்து நாட்டுக்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினார்கள். வலிக்கு ஊசி. அதிகாலை 4 மணி வாக்கில் வலி குறைந்து பாதம் மரத்துப்போனது. கட்டு வேலை செய்கிறது என்று வீட்டார் ஆறுதல் அடைந்தார்கள். உண்மையில் ரத்தமில்லாமல் நரம்பு செயலிழந்துகொண்டிருந்தது. காலை 9 மணிக்கு விரல்கள் நீலம் பாரித்திருந்தன. மதுரையில் ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மணி 10.15. காயம்பட்டு 11 மணி நேரம் ஆகியிருந்தது.

சதைக்கு ரத்தம் நின்றுபோனால் ஏறத்தாழ 6 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். 8 மணி நேரத்துக்குள் குழாயைச் சரிசெய்த கால்களில் பெரும்பாலானவை தப்புகின்றன. அதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை போய்விடுகின்றன. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேராக வந்திருந்தால் நேரம் தாராளமாக இருந்திருக்கும்.

நாட்டுக்கட்டுக் காரர்களைப் பழிப்பதில் பயனில்லை. எளிய எலும்பு முறிவுகளுக்கு அவர்களிடம் போய்க் குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் இந்தப் பையனையும் அங்கே கொண்டு சேர்த்தது. அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்: முழங்காலில் பட்ட காயத்துக்குப் பாதத் துடிப்பைப் பார்க்காமல் கட்டுப் போடக் கூடாது, இறுக்கி ஒருபோதும் கட்டக் கூடாது.

துடிப்பைப் பார்ப்பது யாருக்கும் கைவரும். பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகும் நரம்புபோல் தெரியும் நாண்களுக்கு நடுவே, பாதத்தின் பாதித் தூரத்தில் இரண்டு விரல் நுனிகளை லேசாக வைக்க வேண்டும். அழுத்தினால் துடிப்பு நின்றுவிடும். இரண்டாவது இடம் உள் கணுக்காலில் புடைத்த எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம். சிலருக்கு இயல்பிலேயே மேல்பாதத் துடிப்பு தெரியாது. ஆகவே இரண்டு இடங்களையும், இரண்டு கால்களையும் ஒப்பிட வேண்டும். கிடைத்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து நேரத்தையும் எழுதிவிட்டால், வண்டியில் போகும்போது கால் மணிக்கொரு தரம் அதே இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பாதம் குளிர்ந்திருப்பது, விரலை மேலே மடக்க முடியாதது, யாராவது விரலை அசைத்தாலே கெண்டையில் உயிர் போகும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

துடிப்பு நன்றாகவே இருந்தாலும், முழங்கால் திரும்பி உள்ளே போனதை யாரேனும் பார்த்திருந்தால் அன்றிரவே மருத்துவமனைதான். அங்கே கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள்.

கொண்டுபோகும்போது உருவிவிடக் கூடாது, எண்ணெய், ஒத்தடம் எதுவும் கூடாது. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு பலகையோ மடித்த அட்டைப்பெட்டியோ அடியில் கொடுத்து, மூன்று இடத்தில் துண்டால் தளர்வாகக் கட்டி, விரல்களைத் திறந்து வைத்தால் போதும். சோடாவோ காபியோ கொடுக்க வேண்டாம். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகலாம். 108-ஐ அழைக்கும்போதே "முழங்கால் விலகியிருக்கு, பாதத்துல துடிப்பு இல்ல" என்று சொல்ல வேண்டும். ரத்தநாள அறுவை வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டி நடத்துபவர்கள் கேட்டு வைத்திருக்க வேண்டும். வழியில் இன்னொரு இடத்தில் இறங்கினால் அங்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

செலவைப் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' சாலை விபத்துக்கானது. ஆடுகளக் காயத்துக்குப் பொருந்தாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார் நகல்களைப் பின்னாலேயே யாராவது கொண்டுவரட்டும்; அவற்றைத் தேடிக்கொண்டு வீரரைக் காக்க வைக்க வேண்டாம்.

அறுவை

ஆஞ்சியோவில் ரத்த ஓட்டம் முழங்காலின் பின்னால் கத்தரித்ததுபோல் நின்றிருந்தது. மற்ற காலின் சிரையை எடுத்து மாற்றுப்பாதை அமைத்து, கீழ்க்காலின் நான்கு தசை அறைகளையும் இரண்டு நீளக் கீறல்களால் திறந்துவிட்டார்கள். ரத்தம் திரும்பியபோது மொத்தம் 14 மணி நேரம் கடந்திருந்தது. முன்பக்கத் தசை சாம்பல் நிறத்தில் இருந்தது. கருவியால் தொட்டால் சுருங்கவில்லை, வெட்டினால் ரத்தம் கசியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், கோலா நிறத்தில் சிறுநீர், சிறுநீரக அளவுகள் ஏற்றம். செத்த சதையிலிருந்து வரும் புரதமும் பொட்டாசியமும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும் கட்டம் அது. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை நீக்கினார்கள். தொற்று இருந்ததால் உடனே மூடாமல் திறந்து வைத்துச் சுத்தம் செய்து, 5 நாள் கழித்து மூடினார்கள்.

மருத்துவர்கள் இங்கே எடுத்த ஒரு முடிவுக்காக இந்த வீரர் வாழ்நாள் முழுக்கப் பயன்பெறுவார்: முழங்கால் மூட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நாண்கள் அறுந்த மூட்டுதானே, மேலேயே எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. கெண்டைச் சதையின் மேல் பகுதிக்கு ரத்தம் தரும் கிளைகள் உயரத்திலேயே பிரிவதால் இவருக்கு அந்தச் சதை பிழைத்திருந்தது. அதையே முன்னால் மடித்து எலும்பு நுனிக்கு மெத்தையாகப் போட்டார்கள். மூட்டுக் கோட்டிலிருந்து 14 செ.மீ. எலும்பு மிஞ்சியது. 12 முதல் 15 செ.மீ. வரை இருந்தால் செயற்கைக் காலை நன்றாக ஆள முடியும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு நடக்க ஆகும் கூடுதல் ஆற்றல் சுமார் 10 முதல் 40 விழுக்காடு. முழங்காலுக்கு மேலே என்றால் 60 முதல் 70 விழுக்காடு. விளையாட்டு வீரருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

முதல் 6 வாரம்

மிஞ்சிய காலை மருத்துவமனையிலும் செயற்கைக் கால் செய்யும் லிம்ப் கடையிலும் 'ஸ்டம்ப்' என்றே சொல்கிறார்கள். நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

வார்டில் நடந்த முதல் தவறு, அன்பினால் நடந்தது. "தலகாணிய வச்சுக்கய்யா, கால் கொஞ்சம் உசரமா இருக்கட்டும்" என்று அம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டே இருந்தார். முழங்கால் மடங்கிய நிலையில் வலி குறையும், நோயாளியும் அதையே விரும்புவார். ஆனால் மடக்கும் தசை சில நாட்களிலேயே குறுகத் தொடங்கும். முழுதாக நீள்வதில் 10 பாகைக்கு மேல் குறைந்துபோனால் செயற்கைக் காலைச் சீராகப் பொருத்துவது சிரமம். 25 பாகையைத் தாண்டினால் நடையே கெட்டுவிடும். கட்டிலிலிருந்து ஸ்டம்பைத் தொங்கப்போட்டு உட்கார்வது, ஊன்றுகோலின் கைப்பிடியில் அதைத் தூக்கி வைத்துக்கொள்வது, இரண்டும் அதே கெடுதலைச் செய்யும்.

காயத்தை மூடிய அறுவைக்குப் பின் முழங்காலுக்குப் பின்னால் மாவுக்கட்டுப் பலகை வைத்து நேராக நிறுத்தினார்கள். தலையணை வேண்டுமானால் ஸ்டம்பின் நுனிக்கு அடியில் மட்டும், அதுவும் முதல் இரண்டு நாள். பிறகு குப்புறப் படுத்தல்: ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, முகத்தை நல்ல கால் பக்கம் திருப்பி. இடுப்பும் முழங்காலும் ஒருசேர நீள்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை. சக்கர நாற்காலியில் உட்காரும்போது தொடைக்கு அடியிலிருந்து முன்னால் நீளும் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் ஸ்டம்பை நீட்டிக்கொண்டார்.

இந்த முழங்காலில் ஏ.சி.எல்., பி.சி.எல். (பின் குறுக்கு நாண்) இரண்டும் அறுந்திருந்தன, உள்பக்க நாண் பாதி கிழிந்து, தழும்பாகி இறுகியது. ஆகவே தசைப் பயிற்சியில் ஒரு விதிவிலக்கு. வழக்கமாகத் தொடையின் முன்சதைக்கும் பின்சதைக்கும் சமமாகப் பயிற்சி கொடுப்பார்கள். பி.சி.எல். இல்லாத மூட்டில் பின்சதைக்குத் தனியாக எடை கட்டி இழுக்கச் சொன்னால், கீழ்க்கால் எலும்பு பின்னால் இழுபட்டு மூட்டு தொய்ந்துவிடும். முதல் 3 மாதம் முன்சதைக்குத்தான் முதலிடம். முழங்காலை நேராக வைத்து இறுக்கி 10 நொடி பிடித்தல் 10 முறை, நேராகத் தூக்குதல் 10 முறை மூன்று சுற்று, பக்கவாட்டில் தூக்குதல் அதே அளவு. இடுப்பைப் பக்கவாட்டில் தூக்கும் தசையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செயற்கைக் காலில் நிற்கும்போது உடல் ஒரு பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

தையல் பிரித்தபின் துணிக்கட்டு. 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் எடுத்து, முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கி, சாய்வாக எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். நுனியில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பேண்டேஜை அதன் முழு நீட்சியில் மூன்றில் இரண்டு பங்கு இழுத்தால் போதும். வளையம் வளையமாகச் சுற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வளையம் மேலே இறுக்கும், நுனியில் நீர் கட்டும், ஸ்டம்ப் அடியில் குமிழ் போல வீங்கிவிடும். அந்த வடிவத்துக்குச் சாக்கெட் (ஸ்டம்ப் நுழையும் செயற்கைக் காலின் மேல்பகுதி) செய்ய முடியாது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். தானாக நழுவி ஓரிடத்தில் சுருண்டால் உடனே. பேண்டேஜைச் சோப்பில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் இழுவை போய்விடும். இரண்டு செட் கட்டாயம்.

தழும்பு ஆறியதும் ஸ்டம்பைத் தொடுவதற்குப் பழக்குதல். முதலில் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு ஒரு பாத்திரத்தில் பாசிப்பயறு போட்டு அதில் மெல்ல அழுத்துதல், 5 நிமிடம் நாளைக்கு நான்கு தடவை. தழும்பை விரலால் வட்டமாக நகர்த்திவிட வேண்டும். எலும்போடு ஒட்டிக்கொண்ட தழும்பு, செயற்கைக் காலில் நடக்கும்போது கிழியும்.

"இல்லாத பெருவிரலு முறுக்குதுண்ணே" என்று இரவில் துடித்தார். இதைப் பைத்தியம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது. மருத்துவர் தரும் நரம்பு வலி மாத்திரையோடு கண்ணாடிப் பயிற்சியும் கொடுத்தோம். இந்த முறையை 1990-களில் கொண்டுவந்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன். இரண்டு கால்களுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிற்க வைத்து, ஸ்டம்பைப் பின்னால் மறைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடியே பாதத்தை மெதுவாக அசைக்க வேண்டும், நாளைக்கு 15 நிமிடம். முறுக்கிய விரல் விரிவதாக மூளை ஏற்றுக்கொண்டால் வலி தளர்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. இவருக்கு நான்காம் வாரத்தில் இரவுத் தூக்கம் திரும்பியது.

எடை 58 கிலோவுக்கு இறங்கியிருந்தது. காயம் ஆற ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கிட்டு நாளைக்கு 80 கிராம் அளவு வைத்தோம். மூன்று முட்டை, ஒரு வேளை மீனோ கோழியோ, மாலையில் சுண்டல், இரவில் பால். புகை பிடிக்கும் பழக்கம் இருந்தது. ரத்தநாளத்தில் ஒட்டுப்போட்ட ஒருவர் புகைப்பது ஒட்டை அடைத்துவிடும் என்று மருத்துவர் நேராகவே சொல்லி நிறுத்தவைத்தார்.

மனநிலை பற்றிச் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும். அணி நண்பர்கள் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலை கிடைக்கும் என்று நம்பிய வழியும், ஊரில் இருந்த பெயரும் ஒரே இரவில் போன பையன் அவர். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டோம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். இருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். கட்டணமில்லாத 14416 எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். வீட்டில் "இனி இவன் கதி என்ன" என்ற பேச்சை அவர் காதில் விழ எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னோம். நண்பர்களிடமும் ஒன்று சொன்னோம்: ஆறுதல் சொல்ல வராதீர்கள், அவரைக் குப்புறப் படுக்கவைத்து நேரம் பார்க்க வாருங்கள். அது நடந்தது.

செயற்கைக் கால்

ஸ்டம்பின் சுற்றளவை முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாணிலிருந்து 4 செ.மீ. இடைவெளியில் வாரம் ஒருமுறை அளந்தோம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே அளவு வந்தபின் அச்சு எடுத்தார்கள். அவசரப்பட்டு அச்சு எடுத்தால் கால் வந்து சேர்வதற்குள் ஸ்டம்ப் சுருங்கி, சாக்கெட் தளர்ந்துவிடும்.

அச்சு எடுக்கும்போது முழங்கால் 15 முதல் 20 பாகை மடங்கியிருக்க, சிப்பிக்குக் கீழுள்ள நாண், கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பு, வெளி எலும்பின் தலை, ஸ்டம்பின் நுனி என்று பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். பிளாஸ்டர் உருவத்தில், எடை தாங்கும் நாண் பகுதியைச் செதுக்கியும், தாங்காத எலும்பு விளிம்புகளில் பிளாஸ்டரைக் கூட்டியும் திருத்துவார்கள். இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் சாக்கெட்டின் நலமே இருக்கிறது. நல்ல சாக்கெட்டில் மலிவான பாதம் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. மோசமான சாக்கெட்டில் விலை உயர்ந்த பாதத்தைப் போட்டவர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். நன்கொடை தர விரும்புபவர்கள் பிளேடுக்கு (ஓட்டத்துக்கான வளைந்த கார்பன் பாதம்) தருவதைவிட இரண்டாவது சாக்கெட்டுக்குத் தருவதுதான் பெரிய உதவி.

இவருக்கு முதல் கால்: பாலிபுரொப்பிலீன் சாக்கெட், உள்ளே மெத்தை லைனர், ஜெய்ப்பூர் பாதம். 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய இந்த ரப்பர் பாதத்தில் செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போடலாம், குத்தவைக்கலாம், சேற்றில் இறங்கலாம். வயலும் கோயிலும் உள்ள ஊரில் வாழ்பவருக்கு அது பொருந்தும். மூட்டு தொய்வாக இருந்ததால் இரண்டு பக்கமும் எஃகுக் கீலும் தொடையில் தோல் பட்டையும் சேர்க்கப்பட்டன. பட்டையுள்ள கால் கனமானது, தொடைத் தசையும் சூம்பும். ஆகவே 6 மாதத்துக்கு மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ நடத்தும் முகாம்களிலும் கால் இலவசமாகக் கிடைக்கும். இரண்டுக்கும் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் அலைச்சல் மிச்சம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடமும் இந்த அட்டையை வைத்துத்தான்.

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டார். கழற்றியதும் ஸ்டம்பைக் கைக்கண்ணாடியில் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். சிவப்பு 10 நிமிடத்தில் மறைந்தால் மறுநாள் அரை மணி கூட்டலாம். மறையாவிட்டால் அந்த இடத்தில் சாக்கெட் அழுத்துகிறது. நான்காம் மாதம் ஸ்டம்பின் நுனி சிவந்து வலித்தது. சாக்கெட் சிறியதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். நடந்தது நேர் எதிர்: ஸ்டம்ப் சுருங்கியதால் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கி நுனி அடியில் இடித்தது. சாக்கெட்டின் அடியில் சுண்டைக்காய் அளவு களிமண் உருண்டையை வைத்து நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். முழுதாக நசுங்கித் தகடாகியிருந்தால் இடிக்கிறது. லேசாகத் தட்டையானால் சரி. தொடவே இல்லையென்றால் நுனியில் வெற்றிடம், அங்கே தோல் நீர்கோத்துத் தடித்துவிடும். இவருக்கு ஒரு பருத்தி உறை கூடுதலாகப் போட்டதும் வலி நின்றது. காலையில் ஓர் உறை, மதியத்துக்கு மேல் இரண்டு என்று அவரே கணித்துக்கொள்கிறார். உறைகள் ஐந்தாறு ஆனால் புதிய சாக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மதுரை வெயிலில் வியர்வைதான் பெரிய எதிரி. சித்திரை, வைகாசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, உலர்ந்த உறை மாற்ற வேண்டும். ஸ்டம்பை இரவில் கழுவ வேண்டும். காலையில் கழுவினால் ஈரத்தோல் உப்பி சாக்கெட்டில் உரசும். முடியை மழிக்கக் கூடாது, வேர்க்கட்டி வரும். கொப்புளம் வந்தால் ஆறும்வரை கால் போடக் கூடாது. இளைஞர்கள் மீறுவது இந்த ஒன்றைத்தான். இரண்டு நாளில் ஆற வேண்டியது மூன்று வாரம் ஆகும்.

நடைப்பயிற்சியில் நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு எடை மெஷின்களில் ஒவ்வொரு காலையும் வைத்து, எடை சரிபாதியாக வரும்வரை நின்று பழகினார். ஊன்றுகோல் எதிர்க் கையில். படி ஏற நல்ல கால் முதலில், இறங்கச் செயற்கைக் கால் முதலில்.

கபடியிலிருந்து ஈட்டிக்கு

செயற்கைக் காலோடு கபடிப் பிடிக்குள் போக முடியாது. சாக்கெட் மற்றவர் முகத்தை உடைக்கும், பிடிபட்டால் இவரது முழங்கால் மறுபடி விலகும். அதை ஐந்தாம் மாதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டோம். பொய் நம்பிக்கை கொடுத்து ஓராண்டை வீணாக்குவதைவிட அது மேல்.

மாற்று விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இருக்கிற திறமையைப் பார்க்க வேண்டும். ரைடருக்கு வேகமான இடுப்பும், உடலை நொடியில் திருப்பும் பழக்கமும் இருக்கும். எறிதலுக்கு அதுதான் மூலதனம். ஹரியானாவின் சுமித் அன்டில் மல்யுத்தத்தில் இருந்தவர். 2015-இல் சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் இழந்து, டோக்கியோ பாராலிம்பிக்கில் எஃப்64 (செயற்கைக் காலோடு நின்று எறியும் பிரிவு) ஈட்டி எறிதலில் 68.55 மீட்டர், 2024 பாரிஸில் 70.59 மீட்டர் எறிந்து இரண்டு தங்கம் வென்றார். நிற்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து எறியும் வகைகள் உண்டு. கண்ணிவெடியில் கால் இழந்த ராணுவ வீரர் ஹொகாடோ செமா பாரிஸில் எஃப்57 குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கினார். இந்த இரண்டு காணொளிகளையும் பார்த்துவிட்டு "நின்னுதாண்ணே எறிவேன்" என்றார்.

ஏழாம் மாதம் உட்கார்ந்தபடி 2 கிலோ மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) எறிதல். எட்டாம் மாதம் பக்கக் கீல் இல்லாத புதிய சாக்கெட். சிப்பிக்கு மேலேயும் பக்கவாட்டிலும் உயர்ந்து பிடிக்கும் வகை. எறியும்போது மட்டும் பழைய தொடைப் பட்டையை மேலே கட்டிக்கொண்டார். பத்தாம் மாதம் நின்று எறிதல், பிறகு மூன்று காலடி, பிறகு ஐந்து காலடி ஓட்டம்.

வலது கையால் எறிபவருக்கு இடது கால்தான் கடைசியில் ஊன்றித் தடுக்கும் கால். இவருக்கு அது சொந்தக் கால் என்பது அதிர்ஷ்டம். சிக்கல் அதற்கு முந்தைய அடியில். குறுக்கடி (காலைக் குறுக்காக மாற்றி வைக்கும் அடி) எடுத்து வலது கால் தரையில் படும்போது சாதாரண வீரர் கணுக்காலை உருட்டி இடுப்பை முன்னால் தள்ளுவார். ஜெய்ப்பூர் பாதம் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. அந்த இடத்தில் இவர் பின்னால் சாய்ந்து நின்றுவிட, ஈட்டி உயரமாகப் போய் அருகிலேயே விழுந்தது. தோளால் சரிக்கட்டப் பார்த்தார். மூன்று வாரத்தில் முழங்கையின் உள்பக்கம் வலி. இரண்டு மாற்றங்கள் செய்தோம். குறுக்கடியைக் குட்டையாக்கி, வலது கால் உடலுக்கு நேர் கீழே படும்படி வைத்தோம். போட்டிக்கு மட்டும் கார்பன் நார்ப் பாதம் ஒன்றை அதே சாக்கெட்டில் மாட்டிக்கொள்ள ஏற்பாடானது. ஓட்டத்துக்கான வளைந்த பிளேடு இவருக்குப் பொருந்தவில்லை. அதில் குதிகால் இல்லாததால் நிலைத்து நிற்பது கடினம். வாரம் இரண்டு நாள், நாளைக்கு 30 எறிதலுக்கு மேல் போவதில்லை. போட்டி ஈட்டி 800 கிராம். பயிற்சியில் பாதி எறிதல் 600 கிராமில்.

இப்போதைய நிலை

முழங்கால் முழுதாக நீள்கிறது. மடக்கம் 125 பாகை. எடை 64 கிலோ. வலது தொடைச் சுற்றளவு இடதைவிட 3 செ.மீ. குறைவு. வாரக் கடைசியில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வருகிறார். மற்ற நாட்களில் ஊர்க் கண்மாய்க் கரையில் பயிற்சி. கல்லூரிக்கு மறுபடி போகிறார். கீழ்முதுகு வலி இருக்கிறது. செயற்கைக் கால் 8 மி.மீ. குட்டையாக இருந்ததைக் கண்டு சரிசெய்தபின் பாதி குறைந்திருக்கிறது.

பி.சி.எல். தொய்வு தீரவில்லை. ஓடி வந்து சட்டென நிற்கும்போது மூட்டு பின்னால் நழுவுவதாகச் சொல்கிறார். நாண் மாற்று அறுவை செய்தால் குறைந்தது 9 மாதம் எறிய முடியாது. சிரை ஒட்டு ஓடும் பின்குழிக்குப் பக்கத்தில்தான் துளையிட வேண்டியிருக்கும் என்பதால் ரத்தநாள நிபுணரும் உடனிருக்க வேண்டும். செய்யாமல் விட்டால் மூட்டுக் குருத்தெலும்பு சீக்கிரம் தேயக்கூடும். எந்தப் போட்டிப் பிரிவில் சேர்வார் என்று முடிவு செய்யும் வகைப்பாட்டுப் பரிசோதனை முடிந்து, இந்தப் போட்டிப் பருவத்தில் இரண்டு ஆட்டமாவது எறிந்தபின் முடிவு செய்வதாக அவரும் வீட்டாரும் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறார்கள். அதுவரை தொடைப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் எறிகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டின் ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்க்கிறோம்.